'வாதை உன் கூடாரத்தை அணுகாது': இந்த அட்டையை எடுத்துவிடவா?

யீஷூன் சகோதரி எழுதியது:

கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

மூன்று வாரமாக எழுதி எழுதி அழித்த கேள்வி இது. சபையில் கேட்டால் என் முகத்தைப் பார்த்து, நான் தாங்குவேனா என்று யோசித்துப் பதில் சொல்வார்கள். இங்கே என்னை யாருக்கும் தெரியாது. உள்ளதை உள்ளபடியே கேட்டுவிடுகிறேன்.

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில், புதிய ஆண்டுக்கென்று ஒரு வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்போம். குடும்பத்துக்கு ஒன்று. மூப்பர் நீட்டிய தட்டிலிருந்து எங்கள் மகள்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு எடுத்தாள். தொடக்கநிலை மூன்றில் படிக்கிறாள். சங்கீதம் 91:10 வந்தது. "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது." என் கணவர் அதை வாங்கி இரண்டு முறை வாசித்தார். இரவுப் பேருந்தில் வரும்போதும் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், மகள் பள்ளியில் செய்த மீன் வடிவக் காந்தத்தின் அடியில் அதை வைத்தார்.

பிப்ரவரி 11. காலை ஆறு மணி இருக்கும். அவர் காப்பி கலக்கிக்கொண்டிருந்தார். கரண்டி தரையில் விழுந்த சத்தம் கேட்டது. குனிந்தார், எடுக்கவில்லை. விரல்கள் கரண்டியின்மேல் படுகின்றன, ஆனால் மூடவில்லை. மறுபடியும் தொடுகிறார், மறுபடியும் நழுவுகிறது. நான் அடுப்பருகே நின்றுகொண்டு, "விடுங்கள், வேறு கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாயின் வலது ஓரம் தொங்கியிருந்தது. என் பெயரைச் சொல்ல முயன்றார். வந்தது என் பெயரல்ல.

ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்தேன். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை உரிய நேரத்துக்குள் போட்டுவிட்டார்கள். உயிர் தங்கியது. மூளையின் இடது பக்கத்தில் பாதிப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது. பதில்தான் வெளியே வருவதில்லை. அவருக்கு வயது 44. பாளையங்கோட்டையிலிருந்து வந்து 16 ஆண்டுகளாக இங்கே சிங்கப்பூரில் மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை. எத்தனையோ அடுக்குமாடி புளோக்குகளில், நடுவழியில் நின்றுபோன மின்தூக்கியிலிருந்து வயதானவர்களைக் கைபிடித்து வெளியே கொண்டுவந்தவர், இப்போது எங்கள் புளோக்கின் மின்தூக்கிப் பொத்தானை இடது கையால் அழுத்தப் பழகிக்கொண்டிருக்கிறார்.

வந்து பார்த்தவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் வந்தார்கள். சமைத்துக் கொண்டுவந்தார்கள், மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். ஆனால் சொன்ன வார்த்தைகள்! "உயிரோடு இருக்கிறாரே, அதற்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்றார் ஒருவர். "வீட்டில் சாபக்கட்டு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்" என்றார் இன்னொருவர். ஊரில் என் மாமியார் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறார். தொலைபேசியில் அழுகிறாரே தவிர எதுவும் கேட்பதில்லை. அவர் அழுகை எனக்குப் பாரமாக இல்லை. மற்றவர்களின் ஆறுதல்தான் பாரமாக இருக்கிறது.

போன மாதம் ஒரு நாள் மகள் அந்த அட்டைக்கு முன்னால் பால் டம்ளரோடு நின்றாள். "அம்மா, வாதை என்றால் என்ன?" என்று கேட்டாள். நோய் என்றேன். "கூடாரம் என்றால்?" வீடு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் நான் தப்பான அட்டையை எடுத்துவிட்டேனா?" என்றாள்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கட்டி அணைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இரவு குடும்ப ஜெபத்தில் என் கணவர் எப்போதும் "இந்த நாள் முழுவதும் எங்களைக் கண்ணின் மணிபோல் காத்தீரே, ஸ்தோத்திரம்" என்றுதான் தொடங்குவார். இப்போது ஜெபிக்க வேண்டியவள் நான். அந்த வரிக்கு வரும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் அதைச் சொன்னால் பொய் சொல்வதுபோல் இருக்கிறது. சொல்லாவிட்டால் அவர் என் முகத்தையே பார்க்கிறார்.

தேவன் நல்லவர் என்பதை நான் மறுதலிக்கவில்லை. மறுதலித்தால் இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பேன்? ஆனால் "காக்கிறவர்" என்று எதை வைத்துச் சொல்கிறோம்? அந்த வசனம் எங்களுக்கு இல்லையா? அட்டையை எடுத்துவிடவா, விட்டுவைக்கவா? மகளுக்கு நான் என்ன சொல்வது?

ஜீவத்தண்ணீர் எழுதியது:

சகோதரி, கலங்காதீர்கள். நான் அனுபவித்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னால் என் மனைவிக்கு மார்பில் கட்டி வந்தது. மருத்துவர் சொன்னதைக் கேட்டு என் கால்கள் தள்ளாடின. நாங்கள் இதே 91ஆம் சங்கீதத்தைக் காலையும் மாலையும் உரக்க அறிக்கையிட்டோம். அறுவைச்சிகிச்சை நடந்தது. இன்றுவரை சுகமாக இருக்கிறாள். ஒவ்வொரு பரிசோதனைக்குப் போகும்போதும் மருத்துவமனை வாசலில் நின்று அதை முழுவதும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவோம்.

வார்த்தை பொய் சொல்லாது. அட்டையை எடுக்காதீர்கள், எடுத்தால் சத்துருவுக்கு இடங்கொடுப்பதாகிவிடும். உங்கள் கணவரின் தலையில் கைவைத்து அந்த வசனத்தை அறிக்கையிடுங்கள். வீட்டில் ஜெபம் ஏதாவது குறைந்துபோயிருந்ததா, பொருத்தனை ஏதாவது நிறைவேறாமல் இருக்கிறதா என்று ஆராய்ந்து பாருங்கள். குற்றம் சொல்வதற்காக அல்ல, கதவு திறந்திருந்தால் மூடுவதற்காகச் சொல்கிறேன். அவர் நிச்சயம் பேசுவார். உங்கள் குடும்பத்தை என் ஜெபக் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

சாரம் கட்டுகிறவன் எழுதியது:

அக்கா, வணக்கம். நான் அதிகம் படித்தவன் அல்ல. துவாஸில் விடுதியில் இருக்கிறேன். கட்டுமானத் தளங்களில் சாரம் கட்டுவது வேலை. ஊர் தூத்துக்குடிப் பக்கம்.

2020இல் கொரோனா வந்து விடுதிகளை எல்லாம் பூட்டினார்களே, அப்போது எங்கள் அறையில் 12 பேர். அடுக்குக் கட்டில்கள். கீழ்க்கட்டிலில் நான், மேலே புதுக்கோட்டைக்காரன் ஒருவன். என் அப்பா ஒவ்வொரு இரவும் ஊரிலிருந்து அழைத்து 91ஆம் சங்கீதத்தை வாசிப்பார். காதில் மாட்டாமல் ஒலிபெருக்கியில் போடுவேன். அறை முழுக்கக் கேட்கும். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மே மாதம் எனக்குத் தொற்று உறுதியானது. எக்ஸ்போ மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். தடுப்புப் பலகைகளுக்கு நடுவில் கட்டில், பகலும் இரவும் ஒரே வெளிச்சம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மேல்கட்டில்காரனும் வந்தான், அவனும் பிழைத்தான். அவன் முனியாண்டியைக் கும்பிடுகிறவன். என் அப்பா வாசித்த சங்கீதம் அவனுக்கும் சேர்த்துத்தான் என்று நான் நம்புகிறேன். அந்த நாட்களில் விடுதிகளில் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரைக் கிருமி தொட்டது.

ஜூனில் அப்பா இறந்துபோனார். மாரடைப்பு. விமானம் இல்லை. அடக்கத்தைக் கைப்பேசியில் பார்த்தேன். பாதியில் சிக்னல் போய்விட்டது. எனக்காக அந்தச் சங்கீதத்தை வாசித்தவரை எடுத்துக்கொண்டு, கேட்டுக்கொண்டிருந்த என்னை விட்டுவைத்தார் ஆண்டவர். அந்த வருடம் முழுவதும் எனக்கும் உங்கள் கேள்விதான் அக்கா.

லூக்கா 13இல் சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததை இயேசு சொல்கிறார். நான் தினமும் உயரத்தில் நிற்கிறவன், அதனால் அந்த இடம் மனதில் தைத்துவிட்டது. அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று அவரே சொல்லிவிடுகிறார். ஏன் விழுந்தது என்று சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எல்லாரும் மனந்திரும்ப வேண்டும் என்றுதான் அங்கே பேசுகிறார். செத்தவர்களின் வீட்டில் போய்க் கதவு திறந்திருந்ததா என்று அவர் தேடவில்லை. அதனால் உங்கள் வீட்டில் சாபம் தேடச் சொன்னவர்களை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று மட்டும். எங்கள் பெல்ட்டில் இரண்டு கொக்கிகள் இருக்கும். ஒன்றைக் கழற்றி அடுத்த குழாயில் மாட்டும்போது மற்றது மாட்டியே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. ஏறுவதற்கு முன்னால் ஜெபிப்பேன். ஜெபித்துவிட்டுக் கொக்கியைச் சரிபார்ப்பேன். என் சபையில் ஒரு தம்பி, "விசுவாசம் இருந்தால் கொக்கி எதற்கு?" என்று கேட்டான். கொக்கி செய்யத் தெரிந்த ஒருவனையும், அதை மாட்டச் சொல்லித் திட்டுகிற மேற்பார்வையாளரையும் தந்தவர் யார் என்று அவனிடம் கேட்டேன். நீங்கள் அன்று காலை 995ஐ அழைத்தீர்களே அக்கா, அது நம்பிக்கைக் குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

மகளே, உன் கேள்வியை நேற்று இரவு வாசித்தேன். காலையில் எழுந்து மறுபடியும் வாசித்துவிட்டு எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

முதலில் கரண்டி. "வேறு கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாயே, அதற்காக உன்னை நீ தண்டித்துக்கொண்டிருக்கிறாய். 34 ஆண்டுகள் வார்டில் நின்றவள் சொல்கிறேன், பக்கவாதம் வந்தவர்களின் வீட்டார் பலரும் முதல் நிமிடத்தில் இப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பார்கள். ஊசியை நேரத்துக்குள் போட முடிந்தது என்றால் நீ தாமதிக்கவில்லை என்று பொருள். நாலரை மணி நேரம்தான் அதற்குக் கெடு. வாய் தொங்கியதைப் பார்த்த கணமே நீ ஓடியிருக்கிறாய்.

சகோதரர் ஜீவத்தண்ணீர் தம் மனைவியின் சுகத்தைச் சொன்னார். மனமார மகிழ்கிறேன், அதைத் தேவன் செய்தார் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் சகோதரரே, "ஆராய்ந்து பாருங்கள்" என்ற சொல்லை அந்த வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அங்கே ஒன்பது வயதுப் பிள்ளை ஏற்கெனவே ஆராய்ந்துவிட்டு, தான் தப்பான அட்டையை எடுத்ததாகத் தனக்கே தீர்ப்பு எழுதியிருக்கிறாள்.

இனி என் கதை. 2003இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் வந்தபோது எனக்கு 44 வயது, உன் கணவரின் இன்றைய வயது. மார்ச் மாதம் டான் டோக் செங் மருத்துவமனையை சார்ஸுக்கென்றே ஒதுக்கினார்கள். நான் அங்கேதான் இருந்தேன். பிள்ளைகள் இருவரையும் பிடோக்கில் என் தங்கை வீட்டில் விட்டேன். ஒரு நாளைக்கு மூன்று முறை எங்களுக்கே காய்ச்சல் பார்ப்பார்கள். முகக்கவசத்தைக் கழற்றினால் மூக்கின்மேல் சிவந்த கோடு, மறுநாள் அதே கோட்டின்மேல் மறுபடியும் கவசம். சீருடையோடு பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகிவிடும். ஈப்போவில் என் அம்மா இரவு ஒன்பது மணிக்கு அழைத்து, சாரம் கட்டும் தம்பியின் அப்பாவைப்போலவே, 91ஆம் சங்கீதம் வாசிப்பார். "இருளில் நடமாடும் கொள்ளைநோய்க்கும்" என்ற இடத்தில் அம்மாவின் குரல் உயரும்.

வார்டில் ஒரு சீனப் பெரியவர் இருந்தார். உறவினர் யாரும் உள்ளே வர முடியாத நேரம். நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளப் பொதுமொழி மலாய்தான். ஒரு விடியற்காலை நான் அவருடைய நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்கள் மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். "மிஸ்ஸி, தாக்குட்?" என்று கேட்டார். பயமாக இருக்கிறதா என்று. இரண்டு உறைகள் போட்ட கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஆமாம் என்றேன். அவர் "சாமா" என்றார். எனக்கும் அப்படித்தான் என்று பொருள். மறுநாள் அவரைத் தீவிரக் கண்காணிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அந்த ஆண்டு சிங்கப்பூரில் 238 பேருக்கு நோய் வந்தது, 33 பேர் இறந்தார்கள். அவர்களில் மருத்துவப் பணியாளர்களும் இருந்தார்கள். எனக்கு ஒரு நாள்கூடக் காய்ச்சல் வரவில்லை. எல்லாம் முடிந்த பிறகு என் சபையில் சாட்சி சொல்ல அழைத்தார்கள். "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது" என்ற ஏழாம் வசனத்தை எழுதி வைத்துக்கொண்டு போனேன். மேடையில் ஏறியதும் வாசிக்க முடியவில்லை. அந்த ஆயிரம் பேரில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு "சாமா" என்று சொன்னவர். அவருக்காகவும் ஒரு வீட்டில் யாரோ முழங்காலில் நின்றிருப்பார்கள். நான் காப்பாற்றப்பட்டது உண்மை. அதை மற்றவர்களின் படுக்கைக்கு எதிரே நின்று உரக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். சிலருக்கு ஏமாற்றம்.

2014இல் என் கணவருக்குக் கல்லீரலில் புற்றுநோய். ஐந்து மாதம். கடைசி வாரத்தில் ஓர் இரவு, அந்தச் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பத்தாம் வசனம் வந்தது, உன் அட்டையில் இருக்கிற அதே வசனம். அதை விட்டுவிட்டு 11ஆம் வசனத்துக்குப் போனேன். அவர் காதில் விழ வேண்டாமே என்று. கண்ணை மூடிக்கொண்டிருந்தவர், "ஒன்றை விட்டுவிட்டாய்" என்றார். மனப்பாடமாகத் தெரிந்தவர் அல்லவா! பிறகு அவரே அதைச் சொன்னார். "வாதை உன் கூடாரத்தை அணுகாது." சொல்லிவிட்டு, "இந்தக் கூடாரத்தைப் பவுல் எங்கேயோ சொல்லியிருக்கிறாரே, அழிந்துபோனாலும் வேறு வீடு உண்டு என்று. அங்கே இது அணுகாது" என்றார். மகளே, உன்னிடம் மறைக்கமாட்டேன், எனக்கு அன்று அது ஆறுதலாக இல்லை. கோபம்தான் வந்தது. எனக்கு இந்தக் கூடாரம்தான் வேண்டியிருந்தது.

அவர் தொடர்ந்து வாசிக்கச் சொன்னார். 15ஆம் வசனத்துக்கு வந்தேன். "ஆபத்தில் நானே அவனோடிருந்து." அம்மா தொலைபேசியில் எத்தனை நூறு முறை வாசித்தார், நான் எத்தனை நோயாளிகளுக்கு வாசித்திருக்கிறேன், அந்தச் சொல் அந்த இரவில்தான் என் காதில் விழுந்தது. ஆபத்தில். இந்தச் சங்கீதத்தை எழுதியவனுக்கு ஆபத்து வரும் என்று தெரிந்திருக்கிறது. வந்த பிறகு எங்கே இருப்பேன் என்று தேவன் சொல்லும் இடம் அது. பத்தாம் வசனத்தை மட்டும் வெட்டி அட்டையில் ஒட்டினால் அது உத்தரவாதப் பத்திரம்போல் ஆகிவிடுகிறது. இதே சங்கீதத்தின் 11, 12ஆம் வசனங்களை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து, தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் சொன்னவன் யார் என்று மத்தேயு 4இல் பார். இயேசு குதிக்கவில்லை. பிறகு சிலுவையில் தொங்கும்போது, தேவன்மேல் நம்பிக்கையாயிருந்தானே, இப்போது காப்பாற்றட்டும் என்று கேலிசெய்தார்கள். உன் கேள்வியைத்தான் அவர்கள் ஏளனமாகக் கேட்டார்கள். அவர் இறங்கிவரவில்லை. அப்படிப்பட்டவர்தான் உன் சமையலறையில், கரண்டி விழுந்த இடத்தில் இருந்தார் என்று நான் நம்புகிறேன். எட்ட நின்று பார்க்கிறவராக அல்ல. இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. என் கணவருடைய மூச்சு நின்ற அறையில் நானும் அவரும் மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றவே இல்லை. அதற்குமேல் விளக்க எனக்குத் தெரியாது.

அப்போஸ்தலர் 12ஐயும் பார். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து கூட்டிவந்தான். சபை ஒன்றுதான், தேவன் ஒருவர்தான். யாக்கோபின் தாய் அன்று பேதுருவின் வீட்டாரைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

அட்டையை எடுக்காதே. பக்கத்தில் 15ஆம் வசனத்தை எழுதி வை. மகள் கையாலேயே எழுதட்டும். அவளிடம் சொல்: நீ எடுத்தது தப்பான அட்டை அல்ல, அட்டை சின்னதாக இருந்ததால் முழுச் சங்கீதமும் அதில் இடம்பெறவில்லை. இரவு ஜெபத்தில் "காத்தீரே" என்று வராவிட்டால் வரவழைக்காதே. "கர்த்தாவே, எதுவரைக்கும்?" என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. அதுவும் ஜெபம்தான். 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிந்துவிடுகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

தாதியாக இரண்டு காரியம். உன் கணவருக்கு வந்திருப்பது பேச்சிழப்பாக இருக்கலாம். பேச முடியாத பலரால் பாட முடியும். சிறுவயதில் மனதில் பதிந்த பாட்டின் மெட்டு, மூளையில் பேச்சு போகும் வழியிலேயே போவதில்லை. அவர் ஞாயிறு பள்ளியில் கற்ற கீர்த்தனை ஒன்றை மெதுவாகத் தொடங்கு, இடது கையால் தாளம் போடச் சொல். பேச்சு சிகிச்சையாளரிடமும் இதைக் கேள். வராவிட்டாலும் வற்புறுத்தாதே. அடுத்தது, மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியரைப் பார்த்துவிட்டாயா? 1980இலும் அதற்குப் பிறகும் பிறந்த, 30 வயதான குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கேர்ஷீல்டு லைஃப் என்ற நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதித் திட்டத்தில் இருப்பார்கள். குளிப்பது, உடுத்துவது, நடப்பது போன்ற ஆறு அன்றாடச் செயல்களில் மூன்றைத் துணையில்லாமல் செய்ய முடியாத நிலை என்றால் மாதந்தோறும் பணம் கிடைக்கும். உங்களுக்குப் பொருந்துமா என்று கேள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். எலியாவுக்குக் காகங்கள் அப்பம் கொண்டுவந்தன; அவர் காகத்திடம் வாங்கமாட்டேன் என்று சொல்லவில்லை.

ஜீவத்தண்ணீர் எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அறிக்கையிடுவதை நான் விடமாட்டேன், அது எங்களைத் தாங்கியது. ஆனால் ஆராய்ந்து பாருங்கள் என்று எழுதியது தவறு. அந்தக் குழந்தையை நான் நினைக்கவில்லை. சகோதரி, மன்னியுங்கள். நான் உட்லண்ட்ஸில் இருக்கிறேன், சொந்தமாக வேன் வைத்திருக்கிறேன். சிகிச்சைக்குப் போகவர வண்டி தேவைப்பட்டால் தனிச்செய்தி அனுப்புங்கள். வியாழன், சனி எனக்கு ஓய்வு.

யீஷூன் சகோதரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத நேரமில்லை, மன்னியுங்கள். தம்பி, உங்கள் அப்பாவுக்காக அழுதேன். ஜீவத்தண்ணீர் அண்ணா, மனதில் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை பற்றி எழுதியிருக்கிறேன்.

அம்மா, ஞாயிறு இரவு நீங்கள் சொன்னபடி செய்தோம். அவர் அப்பா திருநெல்வேலியில் சபை ஊழியர். அவர் வீட்டில் காலையில் பாடும் கீர்த்தனை ஒன்று உண்டு, கல்யாணமான புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் தொடங்கினேன். முதல் அடி முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் அடியில் அவர் இடது கை முழங்காலில் தட்டத் தொடங்கியது. மூன்றாம் அடியின் கடைசி இரண்டு சொற்களை அவர் பாடினார். தெளிவாக. அவருடைய குரலில். மகள் எழுந்து நின்றுவிட்டாள். நான் நிறுத்தாமல் பாடினேன். நிறுத்தினால் போய்விடுமோ என்று பயம். அடுத்த அடியில் நான்கு சொற்கள் வந்தன. பாட்டு முடிந்ததும் தண்ணீர் வேண்டும் என்று சொல்ல முயன்றார், வரவில்லை. டம்ளரைக் கைகாட்டினார். திங்கட்கிழமையும் பாடினோம், அன்று ஒரு சொல்தான் வந்தது.

மகளிடம் நீங்கள் சொன்னதுபோலவே சொன்னேன். முழுச் சங்கீதத்தையும் எழுதவா என்று கேட்டாள். 15ஆம் வசனம் போதும் என்றேன். கேட்கவில்லை, 16 வசனங்களையும் கோடு போட்ட தாளில் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். மீன் காந்தம் அவ்வளவு தாளைத் தாங்கவில்லை. ஒட்டுநாடா போட்டு ஒட்டியிருக்கிறோம். 15ஆம் வசனத்தில் "ஆபத்தில்" என்ற சொல்லுக்கு அவளே பச்சை நிறம் தீட்டியிருக்கிறாள். ஏன் பச்சை என்று கேட்டேன். சிவப்பு தீர்ந்துவிட்டதாம்.

"கண்ணின் மணிபோல் காத்தீரே" என்று எனக்கு இன்னும் வரவில்லை. நேற்று அந்த இடத்தில் நான் நின்றபோது மகள் சொல்லிவிட்டாள், அவள் அப்பா சொல்கிற அதே இழுப்போடு. அவர் தலையை ஆட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்க நேரம் கொடுத்திருக்கிறார்கள். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.